கொயரில் பாடுவதும் சபையைப் பாட வைப்பதும் – கரிசல் காட்டிலிருந்து ஒரு வரலாறு

கயத்தாறு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கட்டபொம்மன் தான். 1799 அக்டோபர் 16ல் அவரைத் தூக்கில் போட்ட ஊர். அடுத்தபடியாக ஞாபகம் வருவது காற்றாலைகள். ஆனால் இந்தப் பதிவு இரண்டையும் பற்றியது அல்ல. கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கரிசல் பூமியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மாதிரியே 300 வருடத்துக்கும் மேலாக கிறிஸ்தவப் பாட்டும் விளைந்திருக்கிறது. அந்தப் பாட்டை கோயிலில் யார் ஆரம்பிப்பது, யார் பாடுவது, யார் சும்மா கேட்டுக்கொண்டு நிற்பது என்பதற்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சர்ச்சில் பாடுகிறவர்கள் இரண்டு வகை. கொயர் என்கிற பாடகர் குழு ஒன்று. வாரத்தில் ஒரு நாளாவது கூடிப் பயிற்சி எடுப்பார்கள், ஹார்மோனியமோ ஆர்கனோ வைத்துக்கொண்டு பல குரல்களில் பாடுவார்கள். இன்னொருவர் பாட்டை நடத்துகிறவர். சபைக்கு முன்னால் நின்று பாட்டைத் தொடங்கி, எல்லோரையும் பாட வைப்பவர். இந்தக் காலத்தில் 'வொர்ஷிப் லீடர்' என்கிறார்கள். கொயரில் பல வருடம் பாடின ஒருவரை "இனிமே முன்னால நின்னு நீ நடத்து" என்று சொல்வது இப்போது நிறைய ஊர்களில் நடக்கிறது. பார்த்தால் பதவி உயர்வு மாதிரி தெரியும். உண்மையில் அது வேறு வேலை. எவ்வளவு வேறு என்பது வரலாற்றைப் பார்த்தால்தான் புரிகிறது.

முதலில் இருந்தது கொயர் அல்ல

நம்மில் பல பேர் நினைப்பது என்ன? கொயர் தான் பழசு, முன்னால் நின்று பாட்டு நடத்துவது புதுசு, அது டி.வி. வந்த பிறகு வந்த பழக்கம் என்று. எங்கள் பக்கத்து ஊர்களைப் பொறுத்தவரை இது தலைகீழ்.

கோவில்பட்டி பக்கத்தில் காமநாயக்கன்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. பரலோக மாதா கோயில் உள்ள ஊர். ஆகஸ்டு 15 திருவிழாவுக்கு பல மாவட்டங்களில் இருந்து ஜனங்கள் வருவார்கள். மதுரை மிஷன் இயேசு சபைப் பாதிரியார்கள் 17ம் நூற்றாண்டிலேயே வேலை செய்த இடம் அது. 1710ல் இத்தாலியில் இருந்து இந்தியா வந்து, பிறகு தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவரும் (கான்ஸ்டன்டைன் பெஸ்கி) அங்கே பணி செய்திருக்கிறார். அப்போது ஒரு பாதிரியார் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருக்கும். ஒரு ஊருக்கு வருடத்தில் சில நாட்கள் தான் அவர் வர முடியும். மற்ற நாட்களில் ஜெபத்தையும் பாட்டையும் நடத்தினவர் யார்? உபதேசியார். அந்த ஊர்க்காரர், வேட்டி கட்டினவர், அதே பேச்சு பேசுகிறவர். அவர் ஒரு வரி சொல்வார், ஜனங்கள் திருப்பிச் சொல்வார்கள்.

புரோட்டஸ்டன்ட் பக்கமும் இதே கதை தான். கேம்பிரிட்ஜில் படித்த தாமஸ் ராக்லண்டு என்ற மிஷனரி 1854ல் வட திருநெல்வேலியில் கூடாரம் கூடாரமாகப் போய் ஊழியம் செய்ய ஆரம்பித்தார். கட்டடம் கட்டி உட்காராமல் கிராமம் கிராமமாக நகர்வது அவருடைய திட்டம். 1858ல் சிவகாசியில் இறந்து போனார். கூடாரத்தில் ஆர்கன் கிடையாது, கொயர் மாடி கிடையாது. ஓலைக் கூரை ஜெப வீடுகளிலும் அப்படித்தான். புத்தகம் இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆகவே ஒருவர் வரியைச் சொல்ல மற்றவர்கள் பாடுவது ஒன்று தான் வழி.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 1645ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை ஒழுங்கிலேயே, சபையில் பலருக்கு எழுத்து தெரியாத இடத்தில் ஒருவர் சங்கீதத்தை வரி வரியாக வாசிக்க வேண்டும், பிறகு எல்லோரும் பாட வேண்டும் என்று இருக்கிறது. எழுத்து தெரியாத ஜனங்களுக்கு நடுவில் பாட்டு வாழ வேண்டுமென்றால் ஒரு 'தொடங்குகிறவர்' தேவை. நாற்று நடும்போது ஒரு அம்மா எடுத்துக் கொடுக்க மற்ற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள் இல்லையா, அதே முறை தான்.

திருநெல்வேலிப் பையன் தஞ்சாவூருக்குப் போன கதை

பாட்டை நடத்துகிறவர் என்ற வேலைக்கு தமிழில் ஒரு பெரிய முன்மாதிரி வேதநாயக சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் அவரைச் சிறு வயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் படிக்க வைத்தார். அங்கே சரபோஜி மன்னரும் (ஆட்சிக்காலம் 1798-1832) அவருக்குப் பழக்கம். பெத்லகேம் குறவஞ்சி உட்பட நிறைய எழுதினார். 1864ல் இறந்தார்.

அவருக்கு முன்பே தமிழ்ச் சபைகளில் பாட்டு இருந்தது. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும், பின்னால் வந்த பப்ரிசியுஸும் (1711-1791) ஜெர்மன் பாட்டுகளை தமிழில் பெயர்த்து, ஜெர்மன் ராகத்திலேயே பாட வைத்தார்கள். இன்றைக்கும் அவை ஞானப்பாட்டு, பாமாலை என்று பாடப்படுகின்றன. சாஸ்திரியார் செய்தது வேறு. நம் ராகம், நம் தாளம், பல்லவி அனுபல்லவி சரணம் என்று கீர்த்தனையாகக் கொடுத்தார். பல்லவி என்பது என்ன? திரும்பத் திரும்ப வருவது. இரண்டு தடவை கேட்டால் யாருக்கும் பிடிபட்டு விடும். சரணத்தை நடத்துகிறவர் பாடினால் போதும், பல்லவிக்கு கூட்டமே வந்து சேர்ந்து கொள்ளும். கீர்த்தனையின் அமைப்புக்குள்ளேயே சபைக்கு ஒரு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது!

1829 வாக்கில் அவருக்கும் புதிதாக வந்த மிஷனரிகளுக்கும் பெரிய சண்டை வந்தது. மிஷன் வேலையையும் இழந்தார். புது மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கு விஷயங்களைப் பட்டியல் போட்டார். வேத புத்தகத்தின் தமிழை மாற்றியது, சாதி வேறுபாட்டை விடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது, பண்டிகையில் பூ அலங்காரத்தைத் தடுத்தது, தமிழ்ப் பாட்டுகளை ஆராதனையில் இருந்து விலக்கியது.

இங்கே தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழ்ப் பாட்டுக்காக அவர் நின்றது நமக்குப் பெருமையாக இருக்கிறது. அதே பட்டியலில் அவர் சாதிப்படி தனித்தனியாக உட்காருவதற்காகவும் நின்றிருக்கிறார். மிஷனரிகளுக்கு எதிர் கதை: சாதி விஷயத்தில் அவர்கள் சொன்னது நியாயம், பாட்டு விஷயத்தில் இல்லை. நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க முடியாது. ஆனால் ஒரு உண்மை தெரிகிறது. கோயிலில் யார் பாட்டு, எந்த இசை என்ற கேள்வியும், யார் எங்கே நிற்பது என்ற கேள்வியும் அன்றில் இருந்தே ஒட்டிக்கொண்டு வருகின்றன.

1853ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் முக்கியமானவை. கொஞ்ச காலத்துக்கு முன் ஆராதனையில் இருந்து விலக்கி வைத்த பாட்டை, இன்னொரு மிஷன் அச்சடித்து ஆராதனைக்குக் கொடுத்தது!

கொயர் எப்படி வந்தது?

அப்படியானால் கொயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலேயே 18ம் நூற்றாண்டில் கிராமத்து சர்ச்சுகளில் மேற்கு மாடியில் உள்ளூர்க்காரர்கள் பிடில், புல்லாங்குழல் எல்லாம் வைத்து வாசித்துக்கொண்டு பாடினார்கள். 19ம் நூற்றாண்டு நடுவில் அதை ஒழுங்குபடுத்துகிறோம் என்று சொல்லி மாடிக் குழுவை இறக்கிவிட்டு, ஆர்கனும் வெள்ளை அங்கி போட்ட கொயரும் கொண்டு வந்தார்கள். வேலை போன அந்தக் கிராமத்துப் பாடகர்களைப் பற்றி தாமஸ் ஹார்டி 1872ல் ஒரு நாவலே எழுதியிருக்கிறார். இதே காலத்தில் தான் திருநெல்வேலிச் சீமையில் பெரிய பெரிய கற்கோயில்கள் எழும்பின, போர்டிங் பள்ளிக்கூடங்கள் திறந்தன. அங்கே புதுசாக இருந்த பழக்கம் இங்கே 'பாரம்பரியம்' ஆகி வந்து இறங்கியது.

கூடவே ஒரு கருவி. பிரான்சில் 1840களில் உருவான ஹார்மோனியத்தை, 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார். பெரிய ஆர்கன் வாங்க முடியாத ஊருக்கும் இது வந்து சேர்ந்தது.

கொயரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் படிக்கவும், நேரத்துக்கு வரவும், பக்கத்தில் நிற்பவன் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவும் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் அது. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் சித்த மருத்துவர், சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். 1912 முதல் தன் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917ல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். மேற்கத்திய இசையும் தமிழ் இசையும் ஒரே ஆளிடம் சந்தித்ததால் வந்த புத்தகம் அது. சர்ச் இசை கொடுத்த கொடை என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு விலையும் இருந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் பூசை லத்தீனில். மாடியில் கொயர் லத்தீன் பாட்டு பாடும், கீழே ஜனங்கள் ஜெபமாலை உருட்டுவார்கள். 1903ல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் கொடுத்த இசை உத்தரவில், கொயர் வேலை குருக்களின் பணியைச் சேர்ந்தது, ஆகவே பெண்களுக்கு அதில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. இது ரொம்பப் பழைய எண்ணம். 4ம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கமே நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் கோயிலில் பாடக் கூடாது என்று விதித்திருந்தது.

ஜனங்கள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? இல்லை. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். இலங்கையில் ஊழியம் செய்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வஸ் பாதிரியார் (1676-1742) தமிழில் எழுதியது. அதோடு ஒப்பாரி, பசாம் எல்லாம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் அழுது பாடுவார்கள். பீடத்துக்கு லத்தீன், தெருவுக்குத் தமிழ். பாட்டு கோயிலுக்குள் தடைபட்டால் வாசலில் நின்று பாடும் போல!

1963ம் 1967ம்

1963 டிசம்பர் 4ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. தாய்மொழிக்குக் கதவு திறந்தது. 1967 மார்ச் 5ல் திருஇசை பற்றித் தனி அறிவுறுத்தல் வந்தது. அதில் நம் விஷயத்துக்கு நான்கு செய்திகள் உண்டு. ஜனங்களுக்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல் எல்லாப் பாட்டையும் கொயரே பாடுவது சரியல்ல. கொயர் என்பது சபையின் ஒரு பகுதி என்று தெரிகிற மாதிரி அதன் இடம் இருக்க வேண்டும். பெண்களும் கொயரில் இருக்கலாம். கொயர் அமைக்க முடியாத இடத்தில் ஒன்றிரண்டு பயிற்சி பெற்ற பாடகர்களாவது இருந்து ஜனங்களைப் பாட வைக்க வேண்டும்.

கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். கரிசல் காட்டு உபதேசியார் 200 வருடம் முன்பே செய்துகொண்டிருந்த வேலை அது! ரோமில் இருந்து புதுசாக வந்த மாதிரி தெரிந்தாலும், இங்கே அது திரும்பி வந்த பழைய ஆள்.

அதற்குப் பிறகு தமிழ்ப் பாட்டுகள் மளமளவென்று வந்தன. திருச்சியில் 1977ல் தொடங்கின கலைக்காவிரி போன்ற நிறுவனங்கள் பாட்டுகளைக் கேசட்டில் கொண்டு வந்தன. மாடியில் இருந்த கொயர் பல கோயில்களில் கீழே இறங்கி பீடத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

பரட்டை அண்ணன் கேட்ட கேள்வி

தென்னிந்தியத் திருச்சபையில் (1947 செப்டம்பர் 27ல் உருவானது) இந்தக் கேள்வியை வேரோடு பிடித்து இழுத்தவர் தியோபிலஸ் அப்பாவு. 1940ல் பிறந்து 2005ல் மறைந்தவர். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். பரட்டை அண்ணன் என்று தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கு மேற்கத்திய இசையும் தெரியும், கர்நாடக இசையும் தெரியும். கொயரை நடத்தத் தெரிந்தவர். இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் போனது நாட்டுப்புறப் பாட்டுக்கு. கிராமிய இசையிலேயே முழு வழிபாட்டு ஒழுங்கு செய்தார்.

ஏன் அப்படி? நாலு குரல் பாட்டுக்கு நோட்டு படிக்கத் தெரிய வேண்டும். கீர்த்தனைக்கு ராக ஞானம் வேண்டும். கூலி வேலைக்குப் போகிற தலித் பெண்ணுக்கு இரண்டும் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது. நாட்டுப்புறப் பாட்டு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு வரியை மாற்றிப் பாடினாலும் யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். எல்லோரும் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர் இறையியலின் நடுப்புள்ளி. பாட்டும் அப்படி ஒரே பானை. எந்தப் பறையை தீட்டு என்று தள்ளி வைத்தார்களோ, அந்தப் பறை வழிபாட்டில் ஒலிக்க வேண்டும் என்றார்.

இப்போது 1829க்குத் திரும்பிப் பாருங்கள். சாஸ்திரியார் தமிழ் இசையைக் காப்பாற்றினார், ஆனால் வரிசையை மாற்ற மனமில்லை. பரட்டை அண்ணன் இசையை மாற்றினால் வரிசையும் மாற வேண்டும் என்றார். இருவரும் பாட்டு நடத்தினவர்கள் தான். நடுவில் சுமார் ஒன்றரை நூற்றாண்டு.

மைக் வந்த பிறகு

இன்னொரு வழியாகவும் பாட்டு நடத்துகிறவர் திரும்பி வந்தார். 1920களில் இலங்கையில் தொடங்கின சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மாதிரியான சபைகளில் தனிக் கொயர் முக்கியமில்லை. கை தட்டி எல்லோரும் பாடுவது தான் ஆராதனை. பின்னால் கேசட் காலத்தில் பாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் சபை வித்தியாசம் இல்லாமல் வீடு வீடாகப் போனது. சின்னச் சின்ன வரிகள், எளிதான மெட்டு, பாட்டுப் புத்தகம் இல்லாமலே பாடலாம். சி.எஸ்.ஐ. சபைகளிலும் இதே பாட்டுகள் நுழைந்தன. கீபோர்டு, டிரம்ஸ், முன்னால் ஒருவர், கையில் மைக்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொயர் ஜனங்களின் பாட்டை எடுத்துக்கொண்டது என்று தானே நடத்துகிறவர் வந்தார்? இப்போது ஸ்பீக்கர் சத்தம் அதிகமானால் அதே தான் மறுபடி நடக்கிறது. மேடையில் ஒருவர் ஏற்ற இறக்கத்தோடு பாடுவார், கீழே 300 பேர் உதட்டை அசைப்பார்கள். மாடியில் இருந்த கொயராவது கண்ணுக்குத் தெரியாது. இவர் கண் முன்னாலேயே நிற்கிறார், அவ்வளவு தான் வித்தியாசம்.

கொயரை விட்டு முன்னால் வருகிறவருக்கு

வரலாற்றில் இருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? எனக்குத் தோன்றியவை:

1. சுருதி. தமிழ்ப் பாட்டில் ஆண்களுக்கு 1 கட்டை, பெண்களுக்கு 5 கட்டை வாக்கில் என்பது பொதுவான கணக்கு. சபையில் இருவரும் இருக்கிறார்கள், தாத்தா பாட்டியும் இருக்கிறார்கள். கொயரில் உங்களுக்கு எது வசதியோ அது இங்கே உதவாது. பாட்டின் உச்ச ஸ்வரத்தை சாதாரண ஆள் தொட முடியுமா என்று பார்த்துத் தான் ஆரம்பிக்க வேண்டும்.

2. மூச்சு. கொயரில் நடத்துனர் கையைப் பார்த்து மூச்சு விடுவோம். சபைக்கு அந்தப் பயிற்சி கிடையாது. வரி முடிவில் அவர்கள் மூச்சு எடுக்கிற வரை காத்திருக்க வேண்டும். முன்பு உபதேசியார் வரி சொல்லிவிட்டு நிறுத்தினாரே, அந்த நிறுத்தம் தான் முக்கால்வாசி வேலை.

3. அலங்காரம். சங்கதி போட்டுப் பாடினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எந்த இடத்தில் சேர்ந்து பாடுவது என்று ஜனங்களுக்குத் தெரியாமல் போய்விடும். மெட்டை நேராகப் பிடிப்பது தான் மரியாதை.

4. பாட்டுத் தேர்வு. புதுப் பாட்டு ஒன்று போதும். மற்றவை ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கட்டும். கீர்த்தனை தெரிந்த பாட்டிக்கும் ஒரு பாட்டு வேண்டும், கீபோர்டு பிடித்த தம்பிக்கும் ஒரு பாட்டு வேண்டும்.

5. நிறுத்துவது. இது தான் கஷ்டம். சபை நன்றாகப் பாட ஆரம்பித்ததும் மைக்கை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கொயரில் நம் குரல் கேட்பது தான் வெற்றி. இங்கே நம் குரல் கேட்காமல் போவது தான் வெற்றி.

கொயர் தேவையில்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சுருதி, தாளம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது, இவையெல்லாம் கற்காமல் நேராக மைக் பிடித்தவரை விட, கொயரில் பத்து வருடம் பின் வரிசையில் நின்றவர் நன்றாக நடத்துவார். அதற்கு அவர் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் சபைக்காகப் பாடினோம், இனிமேல் சபை தான் பாட வேண்டும்.

பாளையக்காரர்கள் போனார்கள், கம்பெனி போனது, மிஷனரிகள் போனார்கள், லத்தீனும் போனது. கரிசல் காட்டு ஊர்களில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது மட்டும் இன்னும் போகவில்லை. அதைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது தான் முன்னால் நிற்கிறவரின் வேலை என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயிலில் யார் பாட்டை ஆரம்பிப்பார்கள்? கொயரா, உபதேசியாரா, மைக் பிடித்த அண்ணனா, இல்லை முன் வரிசைப் பாட்டியா? எந்த மதமாக இருந்தாலும் சரி, பஜனை மடத்துக் கதையாக இருந்தாலும் சரி, எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.